பதினான்காம் கேள்வி

ஒரே தாள், இரண்டு பக்கம், இருபது கேள்வி.
"இறுதிக்காலப் பராமரிப்பில் மருத்துவர்களின் அறிவு"
என்று தலைப்பில் அச்சடித்திருந்தது.
பெயர் எழுத வேண்டியதில்லை.
அனுபவம் மட்டும் கேட்டார்கள்: ஒன்பது வருடம்,
அதில் ஆறு, மதுரைப் பெரியாஸ்பத்திரி
தீவிர சிகிச்சைப் பிரிவில்.

இரவு ஒன்றரை.
சலைன் பெட்டி அட்டையை அடியில் கொடுத்து
டிக் அடித்துக்கொண்டே போனேன்.

வெண்டிலேட்டரைத் தொடங்காமல் விடுவதும்
தொடங்கியதை நிறுத்துவதும் நெறியளவில் ஒன்றா?
ஒன்று.
இரண்டாவதில் ஒரு விரல் வேண்டும்,
அதற்குக் கட்டம் இல்லை.

நோயாளி முன்பே எழுதிவைத்த விருப்பம் செல்லுமா?
செல்லும்.
எழுதிக் கொண்டுவந்த ஒருவரை
இன்னும் நான் பார்க்கவில்லை.

பதினான்கு: சாகும் நேரத்து மூச்சுத்திணறலுக்கு
மார்பின் தரலாமா?
தரலாம். யோசிக்கவேயில்லை.
பரீட்சைக்கு வந்த கேள்வி.

ஏழாம் படுக்கையில் சோனைமுத்து.
மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் இருபத்திரண்டு வருடம்.
எக்ஸ்ரேயில் பார்த்தால்
நெஞ்சுக்குள்ளும் குவாரிதான்.
தொண்டையில் குழாய், பதினோராவது நாள்.

"இனிமே மருந்துக்குக் கேக்காதும்மா"
என்று சாயங்காலம் வெள்ளத்தாயிடம் சொல்லியிருந்தேன்.
பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்தாள், திருகி மூடினாள்.
"அப்ப உசுரோட வீட்டுக்குக் கொண்டுபோயிரவா?
பொணமாப் போனா வாசலோட நிப்பாட்டிருவாக."

"மருத்துவர் அறிவுரைக்கு மாறாக" என்ற படிவத்தில்
அவள் பெருவிரலை நான்தான் பிடித்து அழுத்தினேன்.
அறிவுரையும் என்னுடையது.
மாறாகப் போனது மட்டும் அவள்.

வண்டியோடு வீரணன் வந்தான்.
ஸ்ட்ரெச்சரை நிறுத்திவிட்டு
அம்பு பையை ஒருதரம் காற்றில் அமுக்கிப் பார்த்தான்.
"டாக்டர், ஒண்ணு கேக்கவா.
அங்க போயி குழாய எடுக்கறது யாருன்னு நெனக்கிறீங்க?"

ஆறு வருடத்தில் ஒருநாளும் நினைத்ததில்லை.
என் கணக்கில் அவர்கள் எல்லாரும்
லிஃப்ட் கதவு மூடுகையில் முடிந்தவர்கள்.

"நாந்தான்.
கூடத்துல பாய் விரிக்கிற வரைக்கும் பைய அமுக்கிக்கிட்டே இருப்பேன்.
பெறகு அவுகளப் பாப்பேன். தலையாட்டுவாக.
எடுத்துருவேன்.
சிலருக்கு ரெண்டு நிமிசம்.
போன மாசம் திருவாதவூர்ல ஒருத்தருக்கு முக்கா மணி நேரம்,
கரையில போட்ட கெண்ட மாதிரி.
வீடே என்னையப் பாக்குது,
எனக்கு ஏதோ தெரியும்னு.
நான் ஒம்பதாங் கிளாஸ், டாக்டர்.
ஒரு ஊசியப் போட்டு அனுப்பக் கூடாதா?"

மார்பின் அலமாரிச் சாவி ஜெபராணி சிஸ்டரிடம்.
பதிவேட்டில் கடைசி வரி பதினேழு நாள் பழசு,
கால் எடுத்த ஒரு பையனுக்கு.
அதற்குப் பிறகு இந்த அறையிலிருந்து
ஐந்து பேர் "மாறாக" வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.
அந்த ஐந்து பேருக்கும் நான்தான் டூட்டியா என்று
விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்,
மூன்றில் நிறுத்திக்கொண்டேன்.

பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.
ஊசி போட்டுக் கொன்னுட்டாக என்று
நாளைக்கு யாராவது வாசலில் நின்றால்?
எவ்வளவு, ஏன், எத்தனை மணிக்கு
என்று பெரியவர் கேட்டால்?
எவ்வளவு என்பது எனக்குத் தெரியும்.
ஏன் என்பதை வெள்ளத்தாயிடம்
மூன்றுமுறை சொன்னேன்.
மூன்றாம் முறைதான் புரியும்படி வந்தது:
"சாகுறதுக்கு இல்லம்மா. தவிக்காம இருக்கறதுக்கு."

சிஸ்டர் சாவியை நீட்டினார்.
இரண்டு கையெழுத்து. மணி இரண்டு பத்து.
அவர் நெற்றிச் சுருக்கம் இளகும்வரை நின்றேன்.
ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம்
வராண்டா முழுக்க அழுதுகொண்டே போனது.

திரும்பி வந்தபோது தாள் அப்படியே கிடந்தது.
பதினான்கில் என் டிக் நேராக, அழகாக.
பதினைந்தைப் படித்தேன். பேனா எடுக்கவில்லை.

நாலேகாலுக்கு போன்.
பின்னால் ஆட்கள் பேச்சு, எங்கோ ஒரு சேவல்.
"எடுத்துட்டேன் டாக்டர்."

எவ்வளவு நேரம் ஆச்சு வீரணா?

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"நான் மணி பாக்கல" என்றான்.